எல்லாருக்கும் ஒரே கத்திரி

கட்டிங் மாஸ்டருக்குப் பாரபட்சம் என்ற சொல்லே ஆகாது. சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில் எட்டுப் பேர் அவருக்குக் கீழே துணி வெட்டினார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே உயர மேஜை, ஒரே ரகக் கத்திரி, ஒரே அளவு திட்டு. சொந்த மச்சான் கோணலாக வெட்டினாலும் அதே திட்டுதான். இதை அவர் கேட்காதவர்களிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

எட்டில் ஒருத்திக்கு மட்டும் வெட்டு நேராக வந்ததே இல்லை. அவள் இடக்கைக்காரி. மாஸ்டர் பார்க்கும்போது வலக்கையால் வெட்டுவாள். அவர் அந்தப் பக்கம் திரும்பினால் கத்திரி இடக்கைக்குப் போய்விடும். எந்தக் கையால் வெட்டினாலும் துணியின் ஓரம் எலி கடித்த மாதிரிதான் இருக்கும். கூடத்தில் அவளுக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். வைத்தவர் வேறு யாருமல்ல, மாஸ்டரேதான்.

வேலைக்கு வந்த முதல் வாரமே, கத்திரி தனக்குச் சரிப்படவில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ஏழு பேருக்குச் சரிப்படுவது உனக்கு மட்டும் எப்படிச் சரிப்படாமல் போகும், கையை மாற்றிக்கொள் என்று எல்லார் முன்னாலும் மாஸ்டர் சொல்லிவிட்டார். கூடமே சிரித்தது. அதற்குப் பிறகு மூன்று வருடம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போன மாதம் அவளை நூல் பிசிறு நறுக்கும் மூலைக்கு மாற்றச் சொல்லி மாஸ்டர் எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் ‘அக்கறை போதாது’ என்று எழுதினார். அதைக் கை கூசாமல்தான் எழுதினார்.

இந்த வாரம் அவருடைய வலது கட்டைவிரல் கதவிடுக்கில் மாட்டி நசுங்கியது. பெரிய கட்டு. வீட்டில் சும்மா கிடக்கிற உடம்பா அது? இடக்கையால் நாலு காலர் வெட்ட மாட்டேனா என்று மறுநாளே வந்து நின்றார். கத்திரியின் மேல் அலகு சுண்ணக்கோட்டை மறைத்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் கோடு தெரிந்தது, கத்திரி விலகியது. துணி வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்துகொண்டது.

பழகாத கை, அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். நாலாவது காலரில் கைப்பிடியின் விளிம்பு இடது கட்டைவிரலின் அடியில் குத்தியது. உதறிவிட்டுப் பார்த்தால் சிவப்பாக ஒரு கோடு. அதே இடத்தில் நிதானத்துக்குக் காய்ப்பு இருந்தது. வேலை செய்யாத கையில் காய்ப்பு எப்படி வந்தது என்று அவளிடம் கேட்டும் இருக்கிறார். அப்போது அது அவருக்கு நல்ல நகைச்சுவையாகப் பட்டது.

கத்திரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடியின் சரிவு, அலகுகள் ஒன்றோடொன்று உட்காரும் விதம் எல்லாமே வலக்கைக்காகச் செய்தது. முப்பது வருடம் பிடித்தவருக்கு இது தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை. வெட்கத்தில் முகம் காதுவரை சுட்டது.

சாயங்காலம் கத்திரிக் கடைக்குப் போய், இடக்கைக்கென்று தனியாக உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கடைக்காரர் எழுந்திருக்கக்கூட இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்து நீட்டினார்.

மறுநாள் காலை அதை மூலைக்குக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தார். அவள் ஒரு கழிவுத் துணியை எடுத்து இடக்கையால் வெட்டினாள். வெட்டு நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. இரண்டு பேருமே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“தப்பு என்னுதும்மா. உன் கையில ஒரு குறையும் இல்ல,” என்றார் மாஸ்டர். “நான் எழுதினதத் திரும்ப வாங்கிக்கறேன். நீ மேஜைக்கு வந்துடு.”

அவள் திட்டுவாள், இல்லை அழுவாள் என்று நினைத்து அவர் இரண்டுக்கும் தயாராகத்தான் வந்திருந்தார். அவள் இரண்டும் செய்யவில்லை. கத்திரியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி பேசினாள்.

“என் பொண்ணுக்கும் இடக்கைதான் மாஸ்டர். நான் பட்டது அவளும் படக்கூடாதுன்னு, பென்சில இடக்கையில எடுத்தா அடிப்பேன். நீங்க என்னை இங்க மாத்தின அன்னைக்கு ரொம்பவே அடிச்சுட்டேன். இப்ப வலக்கையிலதான் எழுதுறா.”

ஏதாவது கேட்க வேண்டுமே என்று மாஸ்டர், குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டார்.

ஆறு என்றாள். அதற்குமேல் அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்கு முகமில்லை.