விளக்குக்காரி ஹிமாயாவின் டேக்

மோலோ தேவாலயத்துக்குப் பின்தெருவில், மெர்லிண்டா பல்மாரெஸ் வீட்டு கேட்டுக்கு வெளியே, கதாபாத்திரங்கள் பதினொரு வருடம் வரிசையில் நின்றார்கள். வெயில் நாளில் முப்பது பேர், மழை நாளில் பத்துப் பன்னிரண்டு பேர். எதுவும் தின்பதில்லை, யாரிடமும் வம்புக்குப் போவதில்லை. டிரைசிக்கிள் திரும்ப இடம் விடுவதில்லை என்ற ஒரே புகார்தான் தெருவில் இருந்தது. தேர்தல் வருடத்தில் வட்டாரத் தலைவர் அவர்களுக்கு ஒரு நீலத் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார். இவர்களுக்கு ஓட்டு இல்லை என்று பிறகு யாரோ சொல்லியும் அவர் அதை அவிழ்க்கவில்லை.

மெர்லிண்டா பள்ளி நூலகர். சம்பளமில்லாத இன்னொரு வேலையும் அவளுக்கு இருந்தது. ‘உப்புக்கோட்டை’ என்ற டிவி சீரியலை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளைச் சேர்த்து வைக்கும் இணையத் தளத்தில் அவள் டேக் கட்டினாள். எழுதுகிறவர்கள் கதைக்கு மேலே யார் யார் வருகிறார்கள் என்று டேக் ஒட்டுவார்கள், ஆளுக்கொரு விதமாக. இளவரசி லினாவை மட்டும் ‘குட்டி லினாவ்’, ‘கிணற்றில் விழுந்த இளவரசி’ என்று நாற்பது விதமாக ஒட்டியிருந்தார்கள். நாற்பதையும் ஒன்றாகக் கட்டினால்தான் தேடுகிறவனுக்கு எல்லாக் கதையும் கிடைக்கும். மெர்லிண்டா கட்டிய நொடியில், வரிசையில் நின்ற அந்த லினாவ் கால் வலி தீர்ந்தவளாகப் பெருமூச்சு விட்டு, பெரிய லினாவுக்குள் போய்ச் சேர்ந்துவிடுவாள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகத்தான் போனார்கள்.

ஹிமாயா அப்படிப் போகாதவள். சீரியலில் நாற்பதாவது வாரம் இளவரசியின் படுக்கையறையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பணிப்பெண் அவள். முகம் காட்டமாட்டார்கள், பெயரும் கிடையாது. அதே தெருவில் மோலோ சூப் விற்கும் துல்சேயின் மகள் ஜெனிவி அவளுக்கு ஹிமாயா என்று பெயர் வைத்து முப்பத்தொரு கதைகள் எழுதினாள். மற்ற ரசிகர்கள் எல்லாம் அந்தப் பெண் மாறுவேடத்தில் வந்த லினாவ்தான் என்று சத்தியம் செய்தார்கள். மூன்று பேராவது எழுதினால்தான் ஒரு பாத்திரத்துக்குத் தனி டேக் என்பது தளத்தின் விதி. எழுதியது ஜெனிவி ஒருத்தி. ஆகவே ஹிமாயா நான்கு வருடம் கையில் விளக்கோடு வரிசையில் நின்றாள்.

ஒரு மழைக்காலத்தில் ஜெனிவி டெங்குவில் இறந்தாள், இருபத்துமூன்று வயது. நாற்பதாம் நாள் பூசை முடிந்து திரும்பிய துல்சே, வரிசையில் நின்ற ஹிமாயாவின் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ஹிமாயா சூப் சாப்பிட்டாள். வரிசையில் நின்றவர்களில் சோறு தண்ணீர் தொட்டவள் அவள் ஒருத்திதான். ஜெனிவி மிளகு போட்டால் கிண்ணமே கறுத்துவிடும். ஹிமாயாவோ மிளகைத் தொடவே மாட்டாள். துல்சேயும் மிளகு வாங்குவதை நிறுத்தியிருந்தாள். இப்படி இரண்டு வருடம் போனது.

பிறகு தளத்தில் பெரிய சுத்தம் அறிவித்தார்கள். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் எல்லா டேக்கையும் கட்டியாக வேண்டும், அதற்குப் பிறகு பூட்டு விழும். மெர்லிண்டா பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டுக் காலையிலிருந்து இருநூறு டேக் கட்டினாள். பழகிய கை, முகம் பார்ப்பதில்லை. பத்து நாற்பதுக்கு, மற்ற ரசிகர்கள் சொல்கிறபடியே, ஹிமாயாவை லினாவோடு கட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனாள்.

ஐந்து நிமிடத்தில் துல்சே கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“எம்பொண்ண எங்கடி அனுப்பின?”

“மனாங், உக்காருங்க,” என்றாள் மெர்லிண்டா. அக்கா என்பதற்கு அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

“உக்கார வரல. பாதி கிண்ணத்துல மறைஞ்சுட்டா. கரண்டி மட்டும் கெடக்கு.”

மெர்லிண்டா திரையைப் பார்த்தாள். தாவா நகரத்தில் இருந்த, டேக் கட்டுகிறவர்களுக்கெல்லாம் பொறுப்பாளியான அடெலைனுக்குப் போன் போட்டாள்.

“மனாங், பன்னெண்டு மணிக்குப் பூட்டு விழுந்துட்டா நான் தலைகீழா நின்னாலும் அவுக்க முடியாது,” என்றாள் அடெலைன். “அதுக்குள்ள மூணு பேர் எழுதியிருந்தா நானே அவுத்து விடறேன். இப்ப ஒருத்தர்தான்.”

“அவ செத்துட்டா.”

“எழுதினது இருக்குல்ல. கணக்குல வருவாங்க.”

தளத்தில் புதிதாகச் சேர அழைப்பு வேண்டும். மெர்லிண்டாவிடம் அந்த வருடத்துக்கு மிச்சம் ஒன்றே ஒன்று இருந்தது. அதில் துல்சேயைச் சேர்த்து நாற்காலியில் உட்காரவைத்தாள். துல்சே வாழ்நாளில் எழுதியது சூப் விலைப் பலகை மட்டும். ஒற்றை விரலால் தட்டித் தட்டி இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தாள்: ஹிமாயா வந்தாள். பசி என்றாள். இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். மிளகு கேட்டாள். இதைவிட மோசமான கதைகளுக்கு அங்கே ஆயிரம் பேர் பாராட்டு எழுதியிருக்கிறார்கள்.

“அவ மிளகு தொடமாட்டாளே மனாங்.”

“நீ கட்டுற வேலையப் பாரு. எழுதுறவ நான்.”

மணி பதினொன்றரை. மூன்றாவது ஆள் வேண்டும். ஜெனிவியின் சிநேகிதிகள் வேலையில் இருந்தார்கள், ஒருத்தியும் போனை எடுக்கவில்லை. மெர்லிண்டாவே எழுதலாம், ஆனால் ஒரு சீரியலுக்கு டேக் கட்டுகிறவர் அதே சீரியலுக்குக் கதை எழுதக்கூடாது என்பது இன்னொரு விதி. எழுத வேண்டுமென்றால் வேலையை விட வேண்டும். விட்டால் திரும்பச் சேர்க்கமாட்டார்கள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தினமும் காலையில் அவளுக்காகக் காத்திருந்தவர்கள் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். அவள் ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். துல்சே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

பதினொன்று ஐம்பதுக்கு மெர்லிண்டா விலகல் கடிதம் அனுப்பினாள். வெளியே வரிசை சத்தமில்லாமல் கலைந்து, தாவாவில் அடெலைன் வீட்டு வாசலைத் தேடிப் போனது. தார்ப்பாய் மட்டும் காற்றில் ஆடியது. பிறகு, அத்தனை ஆயிரம் கதைகளுக்கு டேக் கட்டியவள் தன் முதல் கதையை எழுதினாள்: டேக் கட்டுகிறவள் அன்று முகத்தைப் பார்க்கவில்லை. நான்கு வருடம் வாசலில் நின்றவளை ஒரு நாளும் உட்காரச் சொன்னதில்லை. இன்று நாற்காலி போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். அவள் அதை ஏற்றியபோது மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. இரண்டு பேரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“மூணு ஆச்சு. அவுத்துட்டேன்,” என்று அடெலைனின் செய்தி வந்தது. “மனாங், இங்க என் வாசல்ல இவ்வளவு கூட்டம். இவங்கள எங்க நிக்க வெக்கிறது?”

“தார்ப்பாய் அனுப்பறேன்,” என்று பதில் போட்டுவிட்டு மெர்லிண்டா அழுதாள்.

அவிழ்த்தும் உடனே வெளியே வர முடியாமல், ஹிமாயா சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் துல்சே வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ஐந்து மணி நேரம் இன்னொருத்திக்குள் இருந்ததில் லினாவின் கொலுசு ஒரு காலிலும், லினாவின் தீக்காயம் இடது மணிக்கட்டிலும் தங்கிவிட்டிருந்தன. விளக்கு கையில் பத்திரமாக இருந்தது. துல்சே காயத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, சூப்பைச் சுடவைத்துக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்த ஹிமாயா, மிளகு இருக்கிறதா என்று கேட்டாள். மதியமே சந்தைக்குப் போய் வந்திருந்த துல்சே டப்பாவை அவள் முன்னால் வைத்தாள்.

இப்போது தினமும் நான்கு மணிக்கு மெர்லிண்டா கேட்டுக்கு வெளியே இரண்டு நாற்காலி போடுகிறாள். ஹிமாயா வந்து விளக்கைக் காலடியில் வைத்துவிட்டு உட்காருகிறாள். டிரைசிக்கிள்கள் தாராளமாகத் திரும்புகின்றன. துல்சே வாரம் கால் கிலோ மிளகு வாங்குகிறாள். சந்தையில் மிளகு விற்பவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஜெனிவி இருந்தபோதும் துல்சே அவ்வளவுதான் வாங்கிக்கொண்டிருந்தாள்.