எண்ணெய் குடித்த பலகை

மேற்கே சேரநாட்டின் எல்லைச் சுவராய் நீண்டு கிடக்கும் ஏலமலைத் தொடரின் பின்னே கதிரவன் இறங்கத் தொடங்கியதும், அம்மலைகளின் நிழல், கரிய பாய் ஒன்று தானே சுருள் அவிழ்வதுபோல, கம்பம் பள்ளத்தாக்கின்மேல் மெல்ல நகர்ந்து வரும். அறுவடை முடிந்த வயல்களின் தாள்களை மூடி, முல்லையாற்றின் மெலிந்த கோடைநீரைக் கடந்து, தென்னந்தோப்புகளின் அடியில் நுழைந்து, வெற்றிலைக் கொடிக்கால்களின் பசுமையைக் கருமையாக்கி, சின்னமனூரின் ஓட்டுக்கூரைகள்மேல் அது ஏறும். அப்பொழுதும் கிழக்கே மேகமலையின் முடி மட்டும் பொன்னாய் எரிந்துகொண்டிருக்கும். படிக்கும் நண்பரே, கணவர் அந்த மேகமலைமேல் ஏலக்காடு காக்க, ஊரில் தனித்திருக்கும் பெண்டிர்க்கு அது பொல்லாத பொழுது. அவர் இருக்கும் இடத்தில் இன்னும் பகல். தாம் இருக்கும் இடத்திலோ விளக்கேற்றும் வேளை.

போடிக்குத் தொடர்வண்டி ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு சித்திரைத் திங்களில், அத்தகைய பொழுதொன்றில், சுருளிவேலின் இரண்டாம் மனைவியாகிய பஞ்சம்மாள் மலையைப் பார்க்கவில்லை. கூடத்தின் நடுவே கிடந்த, சாய்மானம் வைத்த தேக்கு விசிப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அவ்வீட்டுக்கு வாழவந்து ஓர் ஆண்டு நிறைந்திருந்தது. இறந்துபோன முதல் மனைவி வேலுத்தாயின் நகைகள் அவள் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டன. சேலைகள் ஏழைப் பெண்களின் உடலில் நைந்து போயின. அவள் பெற்ற பிள்ளை என்று எவரும் இல்லை. ஆயினும் அவள் போகவில்லை. பலகையின் சாய்மானத்தில், அமர்ந்தவர் தலை சாயும் உயரத்தில், வட்டில் அளவாய் ஒரு கரிய தடம் இருந்தது. பல்லாண்டு தலையெண்ணெய் ஊறி ஊறி மரத்தின் உள்ளே இறங்கிய தடம் அது.

அதைக் காட்டிக் கொடுத்தவள் நாத்தனார் சுப்புத்தாய். மணமான மறுகிழமையே, பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த புதுப்பெண்ணைப் பார்த்து, “அங்கன எம்புட்டுத் தேச்சாலும் போகாது பஞ்சு. வேலுத்தாயி தல சாய்ச்ச எடம்ல அது,” என்று வெற்றிலையை மடித்தபடி சொல்லிப் போனாள். சொன்னவள் அன்றே மறந்தாள், கேட்டவள் மறக்கவில்லை. சுருளிவேல் ஊருக்கு வரும்போதெல்லாம் உண்டபின் அப்பலகையில்தான் அமர்வான். அவன் தடத்தை ஒட்டி அமர்ந்தால், வேலுத்தாயை அணைத்திருக்கிறான் என்று பஞ்சம்மாளின் நெஞ்சு எரியும். தள்ளி அமர்ந்தால், அவளுக்கு இடம் விட்டிருக்கிறான் என்று இன்னும் எரியும். உயிரோடு இருக்கும் மாற்றாளோடு முடியைப் பிடித்துச் சண்டையிடலாம். பலகைக்குள் ஊறிய ஒருத்தியை எதைப் பிடித்து இழுப்பது?

வீரபாண்டித் திருவிழாவுக்கு அவன் இறங்கிவருமுன் அத்தடத்தை ஒழித்துவிடுவது என்று உறுதிபூண்டு, தச்சன் அழகுமலையை அழைத்தாள். அப்பலகையைச் செய்தவனும் அவனே.

“மொதல்ல சீவணும் ஆத்தா,” என்றான் அவன், சாய்மானத்தை விரலால் தட்டிப் பார்த்து. “பெறகு சுண்ணாம்பும் சாம்பலும் கொழச்சு அப்பி, குடிச்ச எண்ணெயக் கக்க வைக்கணும். அது கக்குனப்புறம் சொரசொரன்னு இருக்குற பிராய் எலை போட்டுத் தேச்சு, பஞ்சுல அரக்கு தொட்டுப் பைய பைய இழுக்கணும். ஒரு மாசம் ஆகும்.”

“மாசமா? அவுக திருவிழாவுக்கு எறங்கிருவாகளே!”

“அப்பத் திருவிழா கழிச்சு வச்சுக்குவோம். பலகை எங்கயும் ஓடிறாது.”

“தேனியில டப்பாவுல விக்கிறாகளாம். சாயமும் அதுக்குள்ளயே, மெருகும் அதுக்குள்ளயே. ஒருக்காப் பூசுனாப் போதுமாம்.”

அழகுமலையின் முகம் கடுத்தது. “டப்பாவா! காளமாட்டுக் கொம்புக்குப் பூசுறதுக்கு ஆகும் அது. எண்ணெ குடிச்ச எடத்துல அது நிக்கவே நிக்காது, சொல்லிட்டேன். நாளைக்குத் தாலியையும் டப்பாவுல அடச்சு விப்பான். ஆசாரி எதுக்கு, தட்டான் எதுக்கு, எல்லாரையும் ஆத்துல தள்ளிவிடுங்க!”

தன் நெஞ்சில் நாளும் கொதிப்பதைப் பிறர் குரலில் அடையாளம் காண்பது எளிது. இவன் பலகைக்காகப் பேசவில்லை, டப்பாவின்மேல் எரிகிறான் என்று பஞ்சம்மாள் உடனே கண்டுகொண்டாள். கண்டுகொண்டதில் ஒரு சிறு களிப்பும் அடைந்தாள். எரிச்சலில் பிறந்த சொல்லில் உண்மையும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஒருவேளை தோன்றியிருக்கும், ஆனால் வாயிற்படி இறங்கும்போது அவன் இன்னொன்றும் சொன்னான்.

“வேலுத்தாயம்மா இதச் செய்யச் சொல்லிட்டு, ஒரு அறுப்பு முடிஞ்சு அடுத்த நடவு வரைக்கும் வாய் தொறக்காமக் காத்திருந்தாக. அவுக பொறும அவுககூடயே போயிருச்சு.”

அந்நொடியே முடிவு ஆயிற்று. மறுநாள் தேனிச் சந்தைக்குப் போன வண்டிக்காரன், சிவந்த சாயமெருகு நிறைந்த தகரக் குவளையொன்றைக் கொண்டுவந்து இறக்கினான்.

அவள் தன் கையாலேயே பூசினாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, மூக்கை அறுக்கும் நெடியைப் பொறுத்து, பலகையின் கால்களிலிருந்து தொடங்கி மேலேறினாள். மங்கிக் கிடந்த மரம், தூரிகை பட்ட இடமெல்லாம் மாதுளை முத்தின் நிறமும் குளத்துநீரின் பளபளப்பும் ஒருங்கே பெற்று எழுந்தது. கடைசியாய்த் தடத்துக்கு வந்தாள். அதன்மேல் மட்டும் இருமுறை, மும்முறை, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே அழுத்தி அழுத்தி இழுத்தாள். கரிய வட்டம் சிவப்பில் மூழ்கி மறைந்தது. அன்றிரவு, வந்த நாள்முதல் அறியாத ஆழ்ந்த உறக்கம் அவளுக்கு வாய்த்தது.

விடிந்து பார்த்தபோது பலகை முழுதும் காய்ந்து ஒளிர்ந்தது, ஓர் இடம் தவிர. எண்ணெய் ஊறிய வட்டத்தில் சாயம் பற்றாமல், தாமரையிலை நீர்போல் திரண்டு விலகி, ஓரங்களில் தடித்த செவ்வரம்பாய் உறைந்திருந்தது. நடுவே பழைய கருமை ஈரம் மாறாமல் பிசுபிசுத்தது. முன்பு மங்கிய மரத்தில் மங்கிய தடமாய், தேடுவார்க்கன்றித் தெரியாமல் கிடந்தது. இப்பொழுதோ வாயிற்படியில் நிற்பவரையும் அது நிமிர்ந்து பார்த்தது. மேலும் ஒருமுறை பூசினாள். வரம்பு இன்னும் தடித்தது.

வழக்கம்போல் எட்டிப் பார்த்த சுப்புத்தாய் மார்பில் கைவைத்தாள். “அடி ஆத்தி! வேலுத்தாயி பொட்டு வச்சுப் பூ முடிச்சு வந்து உக்காந்துட்டா போலயே!”

“போங்க மதினி, காஞ்சாச் சரியாயிரும்.”

“காயுமா? அவ அம்புட்டு லேசுல காயுறவ இல்ல.”

காயவில்லை. திருவிழாவுக்கு முந்தைய நாள் நண்பகலில், ஏலக்காய் மணமும் மலைக்குளிரும் இன்னும் உடையில் தங்க, சுருளிவேல் வந்து சேர்ந்தான். கூடத்துக்குள் கால் வைத்தவன் நின்றுவிட்டான்.

“பலகை புதுசா மின்னுதே! நீ பூசுனதா பஞ்சு?” என்று மகிழ்ந்தவன், அருகே வந்து, “இங்கன மட்டும் என்ன இப்படி?” என்றான்.

பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. ஆனால் ஓர் ஆண்டாய் நெஞ்சில் அடைத்து வைத்தது, கேள்வி தட்டியதும் தானே வெளிவந்தது. “தெரியாத மாதிரி கேக்குறீகளே. அவுக தல சாய்ச்ச எடம். எண்ணெ எறங்கியிருக்கு.”

“எவுக?”

“உங்க மொத பெஞ்சாதி.”

அவன் குனிந்து அவ்வட்டத்தை உற்றுப் பார்த்தான். பிறகு, “இம்புட்டு நாளும் நான் இதப் பாக்கவே இல்லயே,” என்றான். அதில் நடிப்பு இல்லை. “அவ இதுல சாஞ்சு உக்காந்து நான் கண்டதும் இல்ல. நான் வந்தா அவ எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவா. அப்ப… நான் மலையில கெடந்த நாளெல்லாம் இங்கனதான் உக்காந்து கெடந்திருக்கா. இம்புட்டு எண்ணெ எறங்குற வரைக்கும்.”

சொல்லிக்கொண்டே அவன் அவ்வட்டத்தில் கையை வைத்தான். காயாத மெருகில் ஐந்து விரல்களும் பதிந்தன. எடுக்க மறந்தவன்போல் வைத்தபடியே நின்றான்.

பஞ்சம்மாள் அவன் கையையே பார்த்தாள். “அழகுமலையக் கூப்பிட்டுச் சீவிருவோமா? ஒரு மாசத்துல புதுசாக்கித் தந்திருவாரு.”

“வேண்டாம். இருக்கட்டும்,” என்றான் அவன், அதட்டலாகவும் இல்லை, கெஞ்சலாகவும் இல்லை.

தெருவில் ஊர்மேளம் கேட்டது. அடுப்படியில் பால் பொங்கும் ஓசை எழவே அவள் உள்ளே போய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் அவனும் வேலுத்தாயும் கண்ணால் பேசிக்கொள்வதாய் நினைத்து அவள் வெந்தது அத்தனையும் வீண். அவன் நெஞ்சில் வேலுத்தாய் என்றோ மங்கிப் போயிருந்தாள். அவளுக்கு நாள்தோறும் விளக்கேற்றி, உட்காரவைத்து, உயிர்கொடுத்துக் காத்தவள் பஞ்சம்மாள் ஒருத்தியே. அந்த விளக்கை இன்று தன் கையாலேயே எடுத்துப்போய் அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

உள்ளத்தின் எரிச்சல் தன் பகையை எரிப்பதில்லை. அதன் முகத்தை எல்லார்க்கும் தெரியும்படி ஒளியிட்டுக் காட்டிவிட்டு, ஏந்திய கையை மட்டுமே சுடுகிறது. சுரண்டி அகற்றப் பொறுமையற்று நாம் மேலே பூசி மூடுபவை எல்லாம், நாம் பூசிய மெருகிலேயே எழுந்து நிற்கின்றன. மறுநாள் வீரபாண்டிக்கு வண்டி புறப்பட்டபோது கணவன் அருகிலேயே அமர்ந்திருந்தாள் பஞ்சம்மாள். அவன் மேகமலையைப் பார்த்துக்கொண்டே வந்தான். அவன் யாரை நினைக்கிறான் என்று இம்முறை அவள் ஐயுற வேண்டியிருக்கவில்லை, அவளுக்குத் தெரிந்திருந்தது.