பாதி என்று நேரவில்லை

எனக்குக் காய்ச்சல் விட்டுப் பன்னிரண்டாம் நாள், அம்மா தன் நேர்ச்சையைச் சொன்னாள். அதுவரை அத்தாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மதியம். அத்தா குரங்கணியிலிருந்து அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். தோட்டத்து ஊற்று பங்குனியிலேயே விரல் தடிமனுக்குச் சுருங்கிவிட்டது என்றார்.

"இருக்குற தண்ணிய முறை வச்சு விட்டா, மழை வர்ற வரைக்கும் செடியக் காப்பாத்திறலாம்."

அம்மா சோற்றுச் சட்டியை மூடினாள்.

"என்னாங்க, அந்த ஊத்த நேர்ந்துட்டேன்."

"என்னத்த நேர்ந்த?"

"தேனி ஆஸ்பத்திரியில இவளுக்கு பிளேட்லெட் இறங்கிக்கிட்டே போச்சுல்ல, அன்னைக்கு. யா அல்லாஹ், என் பிள்ளை எந்திரிச்சு நடந்தா, மழை விழுகுற வரைக்கும் அந்த ஊத்த அன்னக்கொடி ஊருக்கே விட்டுர்றேன்னு."

அத்தா துண்டை எடுத்தவர் துடைக்காமல் நின்றார்.

குரங்கணிக்கு மேலே எங்களுக்கு மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். வேறு வருமானம் கிடையாது. தோட்டத்தின் உச்சியில் ஊற்று, அதன் கீழே தொட்டி, தொட்டியிலிருந்து செடிகளுக்கு ஓஸ். தோட்டத்துக்குக் கீழே பதினொரு வீடுகள். அன்னக்கொடியும் அங்கிருக்கும் மற்ற பெண்களும்தான் எங்களுக்குக் காய் எடுப்பவர்கள். அவர்களுடைய ஊற்று வற்றி இரண்டு வருடமாகிறது. கோடையில் தினமும் காலை ஒரு மணி நேரம் அத்தா வால்வைத் திறந்து அவர்கள் பக்கம் தண்ணீர் விடுவார். மீதி நேரமெல்லாம் செடிக்கு.

"பாதி விடுவோம்" என்றார் அத்தா.

"பாதின்னு நேரலையே."

"இப்ப மாத்திச் சொல்லு. அல்லாஹ்வுக்கு நம்ம நெலம தெரியாதா?"

"கேட்டப்ப பிள்ளைய முழுசாத்தானங்க கேட்டேன்."

அத்தா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

நான் படித்தது தாவரவியல். ஏலச்செடியின் வேர் ஒரு முழத்துக்குக் கீழே போகாது. மேல்மண் காய்ந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. தூரிலிருந்து தரையோடு படர்ந்து வரும் சரம்தான் முதலில் கருகும். பூவும் காயும் அதில்தான். பிறகு தூரே சாயும். புதுக் கன்று வைத்தால் காய்ப்புக்கு மூன்று வருடம். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. நான் எது சொன்னாலும் அது ஒருவர் பக்கம் சாய்ந்துவிடும். நேர்ந்ததோ என் உயிருக்கு.

ஞாயிற்றுக்கிழமை அன்னக்கொடி சாமான் வாங்க ஜீப்பில் போடிக்கு வந்தவள், என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். என் கன்னத்தைக் கிள்ளி, "எலும்பா கெடக்குறவ. காத்தடிச்சா டவுனுக்கே பறந்துருவ" என்றாள். அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிப்பு நின்றது.

"யக்கா, செடி போச்சுன்னா எங்களுக்கு மட்டும் ஏது சோலி? பாதி போதும். நாங்க பொழச்சுக்கிருவோம்."

"உன்கிட்ட நேர்ந்திருந்தா நீ தள்ளிக் குடுக்கலாம்" என்றாள் அம்மா. "உன்கிட்டயா நேர்ந்தேன்?"

"அண்ணே என்ன சொல்லுது?"

"பாதின்னாக. அப்புறம் ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அத்தா என்னைக் கூப்பிட்டார். "ஹஜரத்தப் பாக்கப் போறேன். நேர்ச்சை உனக்காகத்தான. நீயும் வா."

ஹஜரத் கம்பத்துக்காரர். இளைஞர். எங்கள் பள்ளிவாசலுக்கு இமாமாக வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. முன்னறையில் எங்களை உட்காரவைத்து, முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"என்ன வார்த்தை சொல்லி நேர்ந்தாங்க? கொஞ்சம் தண்ணின்னா, பங்கு தர்றேன்னா?"

"ஊத்த விட்டுர்றேன்னு" என்றார் அத்தா.

ஹஜரத் தாடியைத் தடவினார்.

"அப்ப முழு ஊத்துதான். கேட்டது நடந்துருச்சு, நிறைவேத்தணும். ஆனா ஒண்ணு இருக்கு. நேர்றவங்களுக்குச் சொந்தமில்லாத பொருள நேர்ந்தா அது செல்லாது. புருஷன் பொருள மனைவி நேர முடியாது." அவர் முகம் இளகியது. எங்களுக்கு ஒரு வழி கிடைத்ததில் அவருக்கும் நிம்மதி. "பட்டா உங்க பேர்லதான?"

"என் பேர்லதான்."

"அப்பத் தோட்டம் உங்களுது."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். தெருவில் ஒரு லாரி பின்னால் எடுக்கும் சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இல்ல ஹஜரத்" என்றார். "அது மஹரு."

ஹஜரத்துக்குப் புரியவில்லை.

"நிக்காஹ் அன்னைக்குப் பொண்ணுக்கு மஹராக் குடுக்க எங்கிட்ட நகை இல்ல. ரெண்டு பவுன் சொன்னா மானக்கேடுன்னு, குரங்கணித் தோட்டத்த மஹராக் குடுக்குறேன்னு சபையில சொன்னேன். ஜமாஅத் தஃப்தர்ல எழுதியிருக்கு. பட்டாவ மாத்தல, அவளும் கேக்கல. இருபத்தாறு வருஷம் ஓடிப்போச்சு."

"அப்ப இந்த நேர்ச்சை…"

"செல்லும். எனக்கு வரும்போதே தெரியும். உங்க வாயால வேற ஏதாவது வருமான்னு பாக்க வந்தேன்."

அவர் எழுந்து சலாம் சொன்னார். ஹஜரத் வாசல்வரை வந்தார். "துஆ செய்யிறேன்" என்றார்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து அத்தாவின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். மன்னிச்சுருங்கத்தா என்று சொல்ல நினைத்தேன். நான் சொல்லாததற்கு அவரே பதில் சொன்னார்.

"நீ காய்ச்சல் வந்து படுத்தது ஒரு குத்தமா? பேசாம வா."

வீட்டில் அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அத்தா நின்றபடியே சொன்னார். அம்மாவின் கையில் முறம் நின்றது.

"அது பேச்சுக்குச் சொன்னதுன்னு நெனச்சேன்."

"பேச்சுக்கா? முந்நூறு பேருக்கு முன்னாடி சொன்னேன்."

அம்மா முறத்திலிருந்து நிமிர்ந்தாள். "அப்ப இத்தன வருஷமா எந்தோட்டத்துலதான் வேல பாத்திருக்கீக."

"கூலிதான் வரல" என்றார் அத்தா.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்குவது நிற்கவில்லை. அத்தா அவள் கையிலிருந்து முறத்தை வாங்கித் தரையில் வைத்தார்.

"பயமா இருக்குதுங்க" என்றாள். "நேர்ந்தப்ப இல்ல. இப்ப இருக்கு."

"எனக்கும்தான். காலையில மொத ஜீப்புக்குக் கெளம்பு."

மூவரும் போனோம். தொட்டியடியில் இரண்டு வால்வு. அத்தா செடிப்பக்கத்து வால்வில் கை வைத்தவர் ஒதுங்கி நின்றார். "உன் நேர்ச்சை" என்றார். அம்மா பிஸ்மில்லாஹ் சொல்லி அதை மூடினாள். இறுக மூடியிருந்த மற்றதை அவளால் திருப்ப முடியவில்லை. அத்தா அவள் கைமேல் கை வைத்துத் திருப்பினார். குழாய் ஒருமுறை இருமியது. சற்றுப் பொறுத்துக் கீழேயிருந்து குடங்கள் மோதும் சத்தமும், யாரோ யாரையோ வெரசா வரச்சொல்லிக் கத்துவதும் கேட்டன.

அது நடந்து இன்றைக்குப் பதினோராவது நாள். மேகம் கேரளா பக்கம் எழும்பி அங்கேயே கலைந்துவிடுகிறது. மேல் பாத்தியில் சரங்களின் நுனி கருகத் தொடங்கிவிட்டது. நேற்று அன்னக்கொடி தலையில் குடத்தோடு ஏறி வந்தாள். பின்னால் நான்கு பெண்கள், நான்கு குடங்கள்.

"எங்களுக்கு விட்ட தண்ணி. நாங்க செடிக்கும் ஊத்துவோம். யாரு கேக்குறது?"

அம்மா குடத்தையே பார்த்தாள். அவளுக்கு வேண்டும்போல்தான் இருந்தது, முகத்தில் தெரிந்தது.

"கொண்டு போயிரு ஆத்தா" என்றாள். "நான் இத வாங்குனா, குடுத்துட்டுத் திரும்ப எடுத்த மாதிரி ஆயிரும்."

"புருஷனும் பொண்டாட்டியும் நல்லாத்தான் சேந்திருக்கீக" என்று அன்னக்கொடி வாய்க்குள் திட்டிக்கொண்டே இறங்கினாள். இன்று காலை அதே பெண்கள் சோலைக்குள் போய்ச் சாக்குச் சாக்காகச் சருகு அள்ளிவந்து கொட்டினார்கள். "இத நேரலையேக்கா" என்றாள் அன்னக்கொடி. அம்மா மறுக்கவில்லை. இருக்கிற ஈரத்தைச் சருகு சில நாள் பிடித்துவைக்கும்.

அஸர் தொழுதுவிட்டு அத்தா ஒவ்வொரு தூராகச் சருகை மூடிக்கொண்டு போனார். நான் பின்னால் சாக்கை இழுத்துப் போனேன். ஆறாவது வரிசையில் நிமிர்ந்தார்.

"படிச்சவ நீ. மறைக்காமச் சொல்லு. எத்தன நாளு தாங்கும்?"

"மேல் பாத்தி ஒரு வாரம். கீழ எறக்கத்துல பத்து, பன்னெண்டு நாள்."

"அதுக்குள்ள மழை வந்துருமா?"

"தெரியாதுத்தா."

அவர் கிழக்கே மலையையும் மேற்கே வெளுத்த வானத்தையும் பார்த்தார். பிறகு குனிந்து, கருகாமல் மிச்சமிருந்த ஒரு சரத்தை மண்ணிலிருந்து மெதுவாகத் தூக்கி, அடியில் சருகை வைத்தார்.

"சாக்க இங்கிட்டுத் தள்ளு" என்றார்.