கால் கழுவ வந்தவர்கள்

எட்டு வருஷம் கழித்து நேரில் பார்த்த அண்ணன் தங்கையிடம் முதலில் கேட்டது, "பேசின்லாம் எங்க இருக்கு?" என்பதுதான்.

காலையிலிருந்து நாலு தடவை முதியோர் இல்லத்தின் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள் அவள். வேன் வந்து நின்றதும் மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட பதினான்கு பேர் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய அண்ணனின் முதுகில் 'குழுத் தலைவர்' என்று அச்சடித்திருந்தது. மீசையை எடுத்திருந்தான். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். கையைப் பிடிக்கலாம் என்று போனாள்; இரண்டு கையிலும் ஏதோ வைத்திருந்தான்.

"பேசினா? எதுக்குண்ணா?"

"கால் கழுவுற ஆராதனை. மெசேஜ் போட்டேனே, பாக்கலையா?"

பத்து நாள் ஊழியப் பயணம். அவன் கையிலிருந்த அட்டவணையில் ஏழாம் நாள், பத்து மணி முதல் பதினொன்றரை வரை, 'முதியோர் இல்லம்' என்று போட்டிருந்தது. தங்கச்சி என்று எந்த நாளிலும் போடவில்லை. எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். சரி, சாப்பாட்டு நேரத்திலாவது ஒரு பத்து நிமிஷம் உட்காருவான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு கால் கழுவுகிற பேசின்களை எடுக்கப் போனாள்.

கால் கழுவுவதுதான் இந்த வெளிநாட்டு ஊரில் அவளுக்குப் பிழைப்பு. அவள் பொறுப்பில் ஒன்பது கிழங்கள், தினமும் பதினெட்டுக் கால்கள். அதில் ஒருவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். டிரைவர் என்று பெயர் வைத்திருந்தாள். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவள் திட்டினால் மட்டும் அப்படியே புரியும். "யோவ் டிரைவர், காலை நீட்டுய்யா. எப்பப் பாரு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே" என்பாள். அவர் தன் பாஷையில் பதிலுக்கு வண்டை வண்டையாகத் திட்டிவிட்டுக் காலை நீட்டுவார். சர்க்கரை வியாதியில் அந்தக் கால்கள் மரத்துப்போய்விட்டன. ஒருநாள் ஷூவுக்குள் கிடந்த குண்டூசியோடு சாயங்காலம்வரை நடந்திருக்கிறார். அன்றிலிருந்து தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்காமல் அவருக்கு அவள் வைப்பதில்லை.

கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். குழுவோடு வந்த பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "டைம் இல்ல பிரதர். ஆளுக்கு ஒரு கால் போதும். இன்னொரு காலை விசுவாசத்துல கழுவிக்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

அண்ணன் டிரைவர் முன்னால் மண்டியிட்டான். கேமராக்காரன் அந்த முகத்தைத்தான் கேட்டிருந்தான், நல்ல சுருக்கம் என்று.

"அண்ணா, இவருக்கு மட்டும் நான் வச்ச தண்ணியே போதும். வேற எதுவும் ஊத்திடாத. சூடு உறைக்காது இவருக்கு."

"சரி சரி, நாங்க பாத்துக்கிறோம்."

"சிஸ்டர், துண்டு பத்தல" என்றார் பாஸ்டர். மாடிக்கு ஓடினாள்.

துண்டுகளோடு திரும்பி வந்தபோது டிரைவரின் பேசினிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வெந்நீர்க் கெட்டில் காலியாகக் கிடந்தது. அண்ணன் கிழவரின் முழங்காலில் ஒரு கையும் தலையில் ஒரு கையும் வைத்து, கண்ணை மூடி, கன்னமெல்லாம் கண்ணீராக ஜெபித்துக்கொண்டிருந்தான். தண்ணீருக்குள் அவன் கையை விடவே இல்லை. டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். துண்டுகளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் காலைத் தூக்கினாள். கணுக்காலில் கோடு கிழித்ததுபோல், அதற்குக் கீழே முழுக்கச் சிவந்து போயிருந்தது. குதிகாலில் தோல் அவள் விரலோடு வந்தது.

தலைமை நர்ஸ் வருவதற்குள் அண்ணன் அவளைத் துணி அலமாரிகள் இருந்த அறைக்குள் கூப்பிட்டுக்கொண்டு போனான்.

"குளுருதேன்னு கொஞ்சம் ஊத்தினேன். அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே இருந்தாரு, எனக்கு எப்பிடித் தெரியும்?"

"சொன்னேன்ல."

"சொன்ன, சொன்ன. இப்ப அதுக்கென்ன? வெந்நீர் ஊத்தினது நீதான்னு சொல்லிடு. நீ இங்க பழகின ஆளு. நான்னு தெரிஞ்சா இனிமே ஒரு டீமும் இந்த ஊருக்குள்ள வர முடியாது. ஊழியமே கெட்டுப்போகும்."

"எனக்கு வேலை போயிரும்ணா. வேலை போனா ஒரு மாசத்துல நாட்டை விட்டே கிளம்பச் சொல்லிருவாங்க."

"போனா போகட்டும். வீட்டுக்கு வா. நம்ம வீடுதானே?"

"எந்த ரூமுக்கு?"

போன மாதம்தான் போனில் கேட்டிருந்தாள், முடியலண்ணா, வந்துடட்டுமா என்று. உன் ரூம்ல இப்ப ஜெபக்கூட்டம் நடக்குதும்மா, திடீர்னு எப்பிடிக் காலி பண்றது என்றான். அவனுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் தலையில் கையை வைத்து ஜெபிக்க ஆரம்பித்தான். இந்த மகளுக்குப் பலம் கொடும் ஆண்டவரே, சிலுவை சுமக்கக் கற்றுக்கொடும் ஆண்டவரே. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் கை அவள்மேல் பட்டது. சில்லென்று இருந்தது. அவள் ஆமென் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே சொல்லிவிட்டு, நேரமாகிறது என்று வேனுக்குப் போனான். போகும்போது அவள் தோளில் ஒரு தட்டு தட்டினான்.

மாடி அறையில் ஜன்னலோரம் டிரைவரை உட்கார வைத்துக் காலுக்குக் கட்டுப்போட்டாள். தலைமை நர்ஸ் பேனாவும் கையுமாக நின்று, வெந்நீர் ஊற்றியது யார் என்று கேட்டாள். ஒருமுறை கேட்டாள். மறுபடி கேட்டாள். அவள் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை. நான் என்றால் அத்தோடு முடிந்தது.

டிரைவர் குனிந்து அவள் தாடையைத் தொட்டார். இந்த வாரத்திலேயே இன்றைக்குத்தான் அவர் இவ்வளவு பேசினார். அவர் பாஷையில் பாதிதான் அவளுக்குப் புரியும். இது முழுக்கப் புரிந்தது. தன் பிள்ளைகூட இப்படிக் காலைப் பிடித்து அழுததில்லையாம். யார் அந்த நல்ல மனுஷன்?

"எங்க அண்ணன்" என்றாள், அவருக்குப் புரிகிற பாஷையில். பிறகு நர்ஸைப் பார்த்தாள். "வெந்நீர் ஊத்தினதும் அவன்தான்."

பேனா அதை எழுதிக்கொண்டது. நர்ஸ் வராந்தாவுக்குப் போய்ப் போனை எடுத்தாள்.

கீழே வேன் கேட்டை நெருங்கியிருந்தது. உள்ளே கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். காவலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு, கேட்டைத் திறக்காமல் நின்றான். ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது. அதில் பாதியில் கைதட்டல் ஒவ்வொன்றாகக் குறைந்தது. கதவு திறந்து அண்ணன் மட்டும் இறங்கினான். மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கட்டடத்தை நோக்கி நடந்து வந்தான்.

டிரைவரும் அவனைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பாக அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மூச்சு வாங்க வாங்க, இன்னொரு காலின் சாக்ஸை உருவ ஆரம்பித்தார்.