பொதுவில் கேட்ட மன்னிப்பு

நானும் என் கணவரும் பலர் கூடி இலவசமாக உருவாக்கும் ஒரே கட்டற்ற மென்பொருளுக்கு நிரல் எழுதுகிறோம். விவாதமெல்லாம் குழுவினர் அனைவரும் பார்க்கும் இணையப் பக்கத்தில்தான் நடக்க வேண்டும், வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் விதி.

அவர் செய்த மாற்றம் பழைய கணினிகளை முடக்கிவிடும் என்று மூன்று நாளாக எழுதினேன். "உங்கள் கருத்துக்கு ஆதாரமில்லை" என்று அடுத்த அறையிலிருந்து பதில் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று காலை அங்கே எழுதியிருந்தார்: "பழைய கணினியில் ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னதே சரி. வெடுக்கென்று எழுதியதற்கு மன்னிக்கவும்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. எழுந்து அவர் அறைக்கு ஓடினேன்.

"அதை ஒரு தடவை வாயால சொல்லுங்களேன்."

அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"வீட்டுல பேசக்கூடாதுன்னு விதி இருக்கே!"