கிராம்பு வாசத் திராட்சை

1
கூடலூர் போகும் சாலையோரம் வாங்கிய திராட்சையில் கிராம்பு வாசம் அடித்தது. இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது அங்கேதான். விற்றவர் பாண்டீஸ்வரி, சொந்தத் தோட்டத்துப் பழம். “வாசம் பழத்தைச் சுத்தியிருந்த ஷீட்டோடது. அதைச் செஞ்சது என் சிநேகிதி ரஃபியா. அவகிட்டயும் கேளுங்க” என்றார். இருவரிடமும் கேட்டேன். குழப்பம் தொடங்கியது.

2
‘பள்ளத்தாக்கில் பனி விலகிய ஒரு…’ (வேண்டாம். நடந்தது நடுப்பகல், ரஃபியாவின் சமையலறையில்.)

வேதியியல் படித்த ரஃபியா, மரவள்ளி மாவைக் காய்ச்சித் தட்டில் ஊற்றி உலர்த்தினார். திராட்சைக் கொத்தைச் சுற்ற, பிளாஸ்டிக்குக்குப் பதிலாக ஒரு மெல்லிய படலம். முதலில் அப்பளமாக நொறுங்கியது. கிளிசரின் சேர்த்தார், வளைந்தது. அளவு கூடியதும் சாரலின் ஈரத்தைக் குடித்து விரலில் ஒட்டியது. தேன்மெழுகு சேர்த்தார், ஒட்டவில்லை, ஆனால் பழத்தில் பூஞ்சணம் பிடித்தது. அதற்குத்தான் கிராம்பு எண்ணெய்.

(இவ்வளவு வேதியியல் ஒரு கதைக்குத் தாங்குமா? தெரியவில்லை.)

3
பாண்டீஸ்வரி அந்த அறுப்பில் பாதியைப் படலத்தில் சுற்றி, குமுளிக்கு ஏற்றும் வியாபாரி ரசூலிடம் அனுப்பினார். ஒரு பழம்கூட அழுகவில்லை. ஆனாலும் பெட்டிகள் திரும்பி வந்தன; சாலையோரம் நான் வாங்கியது அந்தப் பழம்தான்.

“இது திராட்சையா, பல்வலி மருந்தாம்மா?” என்றாராம் ரசூல்.

4
எண்ணெயைக் கூடுதலாக ஊற்றச் சொன்னது யார்?

“நான் ரெண்டு சொட்டு போதும்னேன். பாண்டிதான், ‘பூஞ்சணம் வந்தா என் பொழப்பு போச்சு, ஊத்துடி’ன்னா.” இது ரஃபியா.

“எனக்கு அதுல என்ன தெரியும்? அவதான் ஊத்துனா.” இது பாண்டீஸ்வரி.

இருவரும் பொய் சொல்கிறவர்களாகத் தெரியவில்லை. ஆனால் ரஃபியா பயந்துபோய்… (இதை முடிக்க மாட்டேன். பயந்தது யாரென்று நான் பார்க்கவில்லை.)

5
போன வாரம் ரஃபியா, கிராம்பு சேர்க்காத புதுப் படலத்தோடு தோட்டத்துக்குப் போயிருக்கிறார்.

“அடுத்த அறுப்புக்கு இதைச் சுத்திப் பாப்பமா?”

“பூஞ்சணம் புடிக்காதா?”

“தெரியலடி.”

இருவர் சொன்னதிலும் ஒத்துப்போவது அந்த ‘தெரியல’ மட்டும்தான். பாண்டீஸ்வரி படலத்தை வாங்கி வைத்துக்கொண்டாராம்.

சுற்றினார் என்று எழுதிப் பார்த்தேன். ஒரு தோட்டத்தையே நான் பணயம் வைத்தது போலிருந்தது. மறுத்தார் என்று எழுதினேன். ரஃபியா முகத்தை எங்கே வைத்துக்கொள்வாரென்று தெரியவில்லை. இரண்டையும் அடித்துவிட்டேன். காய் இன்னும் பழுக்கவில்லை. தோட்டம் உங்களுடையதாக, தோழியும் உங்களுடையவளாக இருந்தால், நீங்கள் சொல்லுங்கள்.