கூண்டுக் கதவுகள்

கண்ணாடித் தகட்டில் இரண்டு சொட்டுகளும் பால் திரிந்தாற்போல் திரிந்துபோயின. ஒன்றுதான் திரிய வேண்டும். ஆய்வகத்து மேடம் தகட்டை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். பிறகு கூண்டுகளைக் கவனிக்கும் முயல்காரியைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் பாதி வேலை போய்விட்டது.

பயறு வேரின் முடிச்சுகளில் குடியிருந்து செடிக்குத் தழைச்சத்து ஊட்டும் பாக்டீரியாவில் இரண்டு வகை. பார்த்தால் இரண்டும் ஒரே ஜாடை. முயல் ரத்தம்தான் ஆளைப் பிரித்துச் சொல்லும். எந்த வகையைத் தவணை தவணையாக ஊசியில் ஏற்றுகிறார்களோ, அதை மட்டும் அந்த ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர் பழைய பகையாளியை வளைப்பதுபோல் வளைத்துத் திரித்துவிடும், மற்றதைச் சட்டைசெய்யாது. எந்த முயலுக்கு எந்த வகை என்ற சீட்டு கூண்டுக் கதவில் தொங்கும். கதவோ, கழற்றிக் கழுவுகிற கதவு.

"நடுவுல கதவு மாறியிருக்கு. பாதி ஊசி இது, பாதி அது. ரெண்டு முயலும் வீண். யார் மாட்டினது?" என்றார் மேடம்.

"கூண்டு அண்ணியோட பொறுப்பு மேடம். நான் பாட்டில் கழுவுறவ," என்றாள் நாத்தனார். அண்ணிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது தான்தான் என்பதை வாய் திறக்காமலே நாளெல்லாம் சொல்லிக் காட்டுகிறவள்.

"தொட்டியிலேர்ந்து கதவ எடுத்து நீட்டினது யாரு? உங்க அண்ணனா?" என்றாள் முயல்காரி.

"நீட்டினா? உங்க கண்ணு எங்க போச்சு?"

"உன் வாய் மேலதான் இருந்துச்சு. எங்கம்மாவ என்னல்லாம் பேசின."

கதவு கழுவிய அன்றைக்குப் பேசிய ஒவ்வொரு சொல்லும் முயல்காரிக்கு நினைவிருந்தது. ஈரக் கதவு எந்தக் கூண்டுக்குப் போனது என்பதுதான் நினைவில்லை.

"நாளைக்கு ஒருத்திதான் வரணும். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. இல்லன்னா ரெண்டு பேருமே வேணாம்," என்றார் மேடம். "முதல்ல முயல்களக் கீழ கொண்டு போங்க."

கீழே போன முயல் எதுவும் மேலே வந்ததில்லை.

முயல்காரி இரண்டையும் ஒரே கூடையில் வைத்துத் தூக்கினாள். கூடை ஒருபக்கம் சரிந்தது.

"விழுந்தா அதுவும் என் தலையிலதான் விடியும்," என்று நாத்தனார் மறு பிடியைப் பற்றினாள்.

படிக்கட்டு குறுகல். ஒருத்தி முன்னால் இறங்கியாக வேண்டும். இருவரும் மேல்படியிலேயே நின்றார்கள். இடையில் கூடை. அதற்குள் இரண்டு முயல்களும் ஒன்றின் விலாவில் ஒன்று முகம் புதைத்து, மூக்கை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தன.